எழுதாமல் விட்ட பல்

எங்கள் கடையில் வாய் ஓயாத மனிதர் ஒருவர் இருந்தார். வாய் நிறைய ஆணியை வைத்துக்கொண்டும் பேசுவார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வாய் எப்படிப் போனது என்பதைத்தான் சொல்ல வந்தேன். அதில் எனக்கும் பங்கு உண்டு. அதை மறைத்துவிட்டுச் சொல்வதானால் சொல்லாமலே இருந்துவிடலாம்.

பழைய சோபா, நாற்காலிகளுக்குப் புதுத் துணி போட்டுத் தரும் கடை எங்களுடையது. சந்தின் கடைசியில் ஷட்டரைத் தூக்கினால் ரயில் பெட்டி மாதிரி நீளமான ஓர் அறை. வாசல் பக்கம் தச்சர். உடைந்த காலை மாற்றுவது, ஆடுகிற சட்டத்தை இறுக்குவது அவர் வேலை. இடுப்பில் எப்போதும் அளவு டேப் தொங்கும், கல்யாண வீட்டுக்குப் போனாலும் தொங்கும், அதனால் அவர் பெயரே டேப் ஆகிவிட்டது. பின்பக்கம் ஜன்னலோரம் என் தையல் மிஷின். நடுவில், மேஜை போட்டு, ஆணி அண்ணன்.

ஆணி அண்ணன் வேலை செய்வதைப் பார்க்கவே வாடிக்கையாளர்கள் நின்றுவிடுவார்கள். ஒரு பிடி பொடி ஆணியை இடது கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொள்வார். நாக்கு ஒவ்வொன்றாகப் புரட்டி, தலை முன்னால் வரும்படி உதட்டுக்கு அனுப்பும். காந்தம் வைத்த சுத்தியல் அதை உதட்டிலிருந்தே கவ்விக்கொள்ளும். அடுத்த நொடி ஆணி கட்டைக்குள் இருக்கும். ஒரு கை துணியை இழுத்துப் பிடித்திருக்கும், இன்னொரு கையில் சுத்தியல் இருக்கும், அவருக்கு மூன்றாவது கை நாக்குதான். காற்றில் ஓடுகிற ஸ்டேப்ளர் ஒன்றும் கடையில் உண்டு. அது போடுகிற சத்தத்தில் தன் பேச்சு தனக்கே கேட்கவில்லை என்று அதைத் தொடமாட்டார்.

பத்தொன்பது வயதில் இந்த வேலைக்கு வந்தவர். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து அவள் வேறு ஊரில் இருக்கிறாள். அண்ணி தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை. எவ்வளவு கோணல் கையெழுத்தாக இருந்தாலும் ஒரே பார்வையில் படித்துவிடுவார் என்று அண்ணனுக்குப் பெருமை. நான் பதினாறு வருஷம் முன்பு, புருஷன் விட்டுப் போன கையோடு, இரண்டு பிள்ளைகளுடன் இந்த மிஷினில் வந்து உட்கார்ந்தேன். அன்றைக்கு அவர் என்னிடம் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. மத்தியானம் வரைக்கும் வேறு என்னென்னவோ பேசிச் சிரிக்க வைத்தார். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன், நான் அவருக்குத் தங்கச்சி. கூடப் பிறந்தவன்கூட எனக்கு அவ்வளவு செய்ததில்லை.

எங்கள் மூன்று பேருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. தாளில் எழுதி வைத்தால் பஞ்சுக்குள்ளும் வெட்டுத்துணிக்குள்ளும் போய்த் தொலைந்துவிடும். அதனால் அன்றைக்கு எந்தச் சட்டம் மேஜை மேல் ஏறுகிறதோ, அதன் அடிக்கட்டையில் பென்சிலால் அன்றைய வேலைகளை எழுதுவோம். கடை வேலை இல்லை, எங்கள் சொந்த வேலை. டேப்புக்கு மூக்குக் கண்ணாடி வாங்கணும், என் மகளுக்குச் சான்றிதழ் நகல் எடுக்கணும், அண்ணன் வீட்டுக் குழாய்க்கு வாஷர் போடணும். யார் அந்தப் பக்கம் போகிறார்களோ அவர் மூன்று பேருக்குமாக முடித்துவிட்டு வந்து கோடு போடுவார். தனித்தனியாக இருந்தால் மூன்று பேரும் நாலு திசையில் அலைந்திருப்போம். சாயங்காலம் அந்த அடிக்கட்டை தெரியாதபடி அடித்துணி போட்டு மூடுகிறவள் நான். மூடுவதற்கு முன் மிச்சத்தை அடுத்த சட்டத்தில் எழுதிவிட வேண்டும். அது என் பொறுப்பு. மூடிய பிறகு யாரும் துணியைப் பிரித்துப் பார்க்கப் போவதில்லை.

ஒரு நாள் ஆணி ஒன்று புரளாமல் குறுக்கே மாட்டி, அண்ணனின் இடது கீழ்க் கடைவாய்ப் பல் பாதியாக உடைந்தது. துப்பினார், கழுவினார், வலது கன்னத்துக்கு ஆணியை மாற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். அன்று சாயங்காலம் நான் அடுத்த சட்டத்தில் எழுதினேன். பல். அவ்வளவுதான், ஒரே வார்த்தை.

அந்த வார்த்தையை ஏழு வாரம் எழுதினேன். மற்ற வேலை எல்லாம் வந்தது, போனது, பல் மட்டும் சட்டம் மாறிச் சட்டம் மாறி வந்துகொண்டே இருந்தது. கண்ணாடியை நான் போய் வாங்கலாம், வாஷரை டேப் போடலாம், பல்லுக்கு அந்த வாய்தானே நடந்து போக வேண்டும்? அண்ணன் தட்டிக்கழித்தார். இந்த வாரம் கல்யாண ஆர்டர் என்றார், அடுத்த வாரம் மகள் வருகிறாள் என்றார், வலிக்கவே இல்லை என்றார். கிராம்புத் தைலம் தடவினார், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார். உடைந்த ஓரம் நாக்கை அறுக்கிறது என்று ஒரு நாள் வாய் விட்டுச் சொன்னபோது, டேப் உப்புத்தாளில் மெல்லிசு நம்பராகப் பார்த்து, ஐஸ் குச்சியில் சுற்றிக் கொண்டுவந்தார். நாற்காலிக் காலைத் தேய்க்கிற அதே தாள். அண்ணன் ஜன்னலைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நிற்க, டேப் பல்லைத் தேய்க்க, நான் டார்ச் அடித்தேன். பாலிஷும் போடவா என்று டேப் கேட்டார். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் அண்ணனுக்குப் புரையேறிவிட்டது. மூன்று தடிமாடுகள் சேர்ந்து செய்த வேலை அது.

பிறகு ஒரு நாள் ஒரு டீச்சர் வந்தார். தன் ஊஞ்சல் நாற்காலிக்குத் துணி தேர்ந்தெடுக்க வந்தவர். நான் சும்மா இருந்திருக்கலாம். இன்றைக்கு நாலு மணிக்குப் பல் டாக்டர் இருப்பாராம் அண்ணே, போய்விட்டு வாருங்கள் என்று அவர் எதிரிலேயே சொல்லிவிட்டேன். அண்ணனுக்கு ஆள் கிடைத்துவிட்டது.

"பாருங்க டீச்சர், என் பொண்டாட்டியே இப்பல்லாம் என் வாயைப் பத்திக் கேக்குறதில்ல. இந்தம்மா என் பல்லுக்கு மாமியாராயிட்டாங்க."

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். டேப்பும் சிரித்தார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. மூக்கு நுனியில் கோபம் வருகிறவள் நான், மறுக்கவில்லை. டீச்சர் படி இறங்கியதும், உங்க வாய் உங்க பாடு, இனிமேல் நான் கேட்டால் செருப்பால் அடியுங்கள் என்று கத்திவிட்டு மிஷினை மிதித்தேன். சாயங்காலம் மிச்சத்தை அடுத்த சட்டத்தில் எழுதினேன். நூல், டேப்பின் செருப்பு, என் மகனின் ஃபீஸ் ரசீது. பல் என்று எழுதக் கை போனது. எழுதவில்லை. அடித்துணியைப் போட்டு மூடிவிட்டேன்.

மறுநாளும் எழுதவில்லை. அவராகக் கேட்கட்டும், எங்கே தங்கச்சி பல்லைக் காணோம் என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் எழுதிவிடலாம் என்று இருந்தேன். அவர் கேட்கவில்லை. டேப்பும் கேட்கவில்லை. ஒரு வாரம் போன பிறகு என் வீம்பே எனக்கு மறந்துபோனது. அதுதான் உண்மை. நான் அதற்கடுத்த நாலு மாதமும் வைராக்கியமாக இருந்தேன் என்றால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். வெறுமனே மறந்துவிட்டேன்.

கண்ணில் படாமல் இல்லை. சூடாக டீ குடிப்பதை அவர் நிறுத்திவிட்டார். சாப்பாட்டை வலது பக்கமாகவே மெல்லுவார், பாதி டப்பாவை மூடி வைத்துவிடுவார். பேச்சில் சில எழுத்துகள் தடித்து விழுந்தன. டேப் அதைக் கிண்டல் செய்துகூடப் பேசிக் காட்டினார். ஒரு வெள்ளைத் துணி நாற்காலியின் ஓரத்தில், ஆணி அடித்த வரிசையில், சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. ஆணித் துரு என்று நினைத்து எலுமிச்சம்பழம் தேய்த்து நானே போக்கினேன். ஆணி புத்தம் புதுசு, அதில் எங்கிருந்து துரு வரும் என்று அப்போது தோன்றவில்லை.

கடைசியில் ஒரு திங்கட்கிழமை அவரால் ஆணியை வாயில் வைக்க முடியவில்லை. ஸ்டேப்ளரை எடுத்தார். ஒரு பகல் முழுக்க அந்த மனிதர் பேசவில்லை. நானும் டேப்பும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஷட்டரை இறக்கிவிட்டு, ஆளுக்கு ஒரு பக்கமாகக் கையைப் பிடித்து அழைத்துப் போனோம்.

பல் டாக்டர் சின்னப் பெண். பல்லை ஒரு நிமிஷம் பார்த்தாள். நாக்கைப் பத்து நிமிஷம் பார்த்தாள். எத்தனை நாளாக இந்தப் புண் இருக்கிறது என்று கேட்டாள். இரண்டு வாரம் என்றார் அண்ணன். ஆறு மாதம் என்றேன் நான். அவள் கையுறையைக் கழற்றிவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, நாளைக்கே போகச் சொன்னாள். பல்லைப் பிடுங்குவீர்களா என்று அண்ணன் கேட்டார். அது இப்போது முக்கியமில்லை சார் என்றாள்.

சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்தார்கள். புற்று என்று வந்தது. நாக்கில் பெரும்பகுதியையும் இடது தாடையில் ஒரு துண்டையும் எடுக்க வேண்டும் என்றார்கள். உயிர் மிஞ்சினாலும் பேச்சு மிஞ்சாது. உடைந்த பல் மாதக்கணக்கில் அறுத்ததும் ஒரு காரணமா என்று நான் பெரிய டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆனால் நாலு மாதம் முன்பே வந்திருந்தால் சின்ன ஆபரேஷனோடு போயிருக்கும் என்றும் சொன்னார். நாலு மாதம் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. அவராகச் சொன்ன கணக்கு அது.

ஆபரேஷனுக்குப் பத்து நாள் இருந்தது. அண்ணன் மறுநாளே கடைக்கு வந்தார். மேஜை மேல் ஒரு சாப்பாட்டு மேஜை நாற்காலி கிடந்தது. அதைக் கவிழ்த்துப் போட்டு, பென்சிலை என்னிடம் நீட்டினார்.

"எழுது தங்கச்சி. பேசி முடிக்க வேண்டியது."

சொல்லச் சொல்ல எழுதினேன். ஊரிலிருக்கும் அவருடைய சொந்த அண்ணனுக்குப் போன், பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லை. மகளுக்குப் போன், அவள் குழந்தையின் பெயரை வாய் நிறையக் கூப்பிட வேண்டும். டேப். தங்கச்சி. கடைசி இரண்டு பெயருக்கும் பக்கத்தில் என்ன என்று சொல்லவில்லை. அண்ணி பெயரைக் காணோமே என்று கேட்டேன். அவளிடம் தினமும்தான் பேசிக்கொண்டிருக்கிறேன், அவளுக்கு எதற்கு லிஸ்ட் என்றார்.

தன் அண்ணனுக்கு அவர் போன் செய்த அன்று நாங்கள் மிஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தோம். நாலு நிமிஷம் பேசினார். அங்கே மழையா, முழங்கால் வலி எப்படி இருக்கிறது, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்றா. ஆபரேஷன் என்ற வார்த்தையே வரவில்லை. வைத்துவிட்டு வந்து கோடு போட்டார். இதற்கா பதினோரு வருஷம் என்று டேப் கேட்டதற்கு, இதைத்தான் இரண்டு பேரும் விட்டு வைத்திருந்தோம் என்றார். மகளிடம் பேசும்போது மட்டும் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டார். குழந்தையின் பெயரை அவர் திரும்பத் திரும்பக் கூப்பிடுவது சந்து முழுக்கக் கேட்டது. டேப்பை ஒரு மத்தியானம் டீக்கடைக்கு அழைத்துப் போனார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பி வந்த டேப் அன்றைக்கு ஒரு நாற்காலிக் காலைத் தப்பாக அளந்து அறுத்துவிட்டார்.

என் முறை கடைசி நாள் வந்தது. என் மிஷின் பக்கத்து ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். பேச்சு அதற்குள் குழறலாகிவிட்டது. என் மகள் கல்யாணத்துக்கு அவர் வீட்டுச் சோபாவைப் பிரித்துப் புதிதாகப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தாராம், இனி அது டேப் பொறுப்பு, மறக்காதே என்றார். என் மிஷினின் மிதி ஒலி கேட்டால்தான் தனக்குக் கை ஓடும் என்றார். பிறகு என்னையே பார்த்தார். அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பல்லை நான் வேண்டுமென்றேதான் விட்டேன் என்று சொல்லி, அவர் வாயால் ஒரு வசவோ மன்னிப்போ வாங்கியிருக்க வேண்டும். அந்த வாய்க்கு அன்று சாயங்காலம் வரைதான் ஆயுள் என்று எனக்குத் தெரியும். நான் ஊசியில் நூல் கோத்தேன். கோத்த நூலை உருவி மறுபடி கோத்தேன். பிறகு சொன்னேன்:

"போயிட்டு வாங்கண்ணே. வந்தப்புறம் பேசிக்கலாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் சிரித்தார். என் தலையில் கை வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள். கழுத்தில் ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய். முகத்தின் இடது பக்கம் உள்ளே போய்விட்டது. வீட்டுக்கு வந்த பிறகு, குழந்தைகள் எழுதி அழிக்கிற வெள்ளைப் பலகை ஒன்றை அண்ணி வாங்கினார். அவர் எழுத எழுத, பக்கத்தில் உட்கார்ந்து அண்ணி படிப்பார். முழுசாக எழுதி முடிக்கும்வரை காத்திருக்க மாட்டார். கவுண்டரில் முகவரி படிக்கிற மாதிரி, எழுத்து விழ விழ வார்த்தை வார்த்தையாக வந்துவிடும். வந்தவர்களும் கொஞ்ச நேரத்தில் பலகையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அண்ணியைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அண்ணனின் கிண்டலை எல்லாம் அண்ணி சிரிக்காமல் படித்துச் சொல்வார், அதற்கே சிரிப்பு வரும்.

நான் ஞாயிறுதோறும் போனேன். ஒவ்வொரு ஞாயிறும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று போவேன், உடம்பு தேறட்டும் என்று திரும்புவேன். தள்ளிப்போடுவதை அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டுவிட்டேன். ஆபரேஷன் முடிந்த ஐந்தாவது மாதம் அவர் கழுத்தில் கட்டி வந்தது. மறுபடி வெட்ட இடமில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் அனுப்பிவிட்டார்கள். டேப் கடையில் அதைச் சொன்னபோது நான் மிஷினை விட்டு எழுந்தேன். செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல். நேரே அவர் வீட்டுக்கு நடந்தேன்.

கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். அண்ணி லீவு போட்டிருந்தார், பக்கத்தில் நாற்காலி. அண்ணி இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இனி அப்படி ஒரு நேரம் கிடைக்காது. உட்காராமலேயே சொன்னேன்.

"அண்ணே, அந்தப் பல்லை நான் வேணும்னேதான் எழுதாம விட்டேன். டீச்சர் வந்த அன்னிக்கு, கோவத்துல. நீங்களா கேப்பீங்கன்னு இருந்தேன். அப்புறம் மறந்தே போயிட்டேன்."

அவர் பலகையை மடியில் வைத்து எழுத ஆரம்பித்தார். அண்ணி வழக்கம்போலப் படித்தார்.

"தெரியும்."

அழித்தார். மறுபடி எழுதினார்.

"மறுநாள்... சட்டத்தைப்... பார்த்தேன். பல்லு... இல்ல."

நான் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தேன். பேனா ஓடிக்கொண்டிருந்தது, அண்ணியின் குரலும் அதன் பின்னாலேயே ஓடியது.

"அப்பாடான்னு... இருந்துச்சு. அதான்... கேக்கல."

படித்துப் பழகிய வாய், கடைசி வார்த்தை வரைக்கும் படித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அண்ணிக்கு அர்த்தம் போய்ச் சேர்ந்தது. பலகையிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு அவரை விட்டுவிட்டு என்னிடம் பேசினார். குரல் உயரவில்லை.

"ஒரு நாள் சாப்பாட்டு டப்பா குடுக்க வந்தேன். நீங்க யாரும் உள்ள இல்ல. நாற்காலிக் கட்டையில பல்லுன்னு எழுதியிருந்துச்சு. வீட்டுல நான் கேட்டா தினம் சண்டை. சரி, இவங்க எழுதி வெச்சிருக்காங்க, இவங்க எழுதினா எப்படியும் நடந்துரும், கூட்டிட்டுப் போயிருவாங்கன்னு நினைச்சேன். அன்னிலேருந்து நான் கேக்குறதை விட்டுட்டேன். அதுக்கப்புறம் ஒரு தடவைகூட வாயைத் திறங்கன்னு சொல்லல."

அண்ணன் அவசரமாக அழித்துவிட்டு எழுதினார். எழுதி முடித்துப் பலகையை அண்ணியின் முகத்துக்கு நேரே பிடித்தார். அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேனாவின் பின்முனையால் அவர் பலகையைத் தட்டினார். அண்ணி திரும்பவில்லை.

நான் தரையில் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுத்து தெரிந்தது. பயமா இருந்துச்சு என்று எழுதியிருந்தார். படித்துச் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. அவர் தட்டிக்கொண்டே இருந்தார்.